பாவாடை கட்டிப் படமெடுத்ததால் வந்ததா? ஒரு தாயின் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். உயர்நிலை நான்கில் படிக்கும் மூத்த பிள்ளை, ஆணாக வளர்க்கப்பட்டது, தான் ஒரு பெண் என்று சென்ற ஆண்டு வீட்டில் சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு காரணம். மாமியார், "கைக்குழந்தையாக இருந்தபோது பாவாடை கட்டி, சடை வைத்து, பூச்சூட்டிப் படமெடுத்தாயே, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்கிறார். தாய்க்கோ, கருவுற்ற மூன்றாம் மாதத்தில் இரத்தக் கசிவு கண்டபோது கரு தங்குவதற்காக மருத்துவர் கொடுத்த ஹார்மோன் மாத்திரைகளின்மேல் சந்தேகம். கணவர் முதலில் "எல்லாம் இணையத்தில் பார்த்துக் கெட்டது" என்றாராம். இப்போது சற்று இறங்கிவந்து, "மூளையை எம்ஆர்ஐ எடுப்போம், பெண் மூளை என்று வந்தால் ஒப்புக்கொள்கிறேன்" என்கிறாராம். கடிதத்தின் கடைசியில் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: அடுத்த படி என்ன? இளையவனுக்கும் இப்படி ஆகுமா?

சகோதரி, நான் மருத்துவர் அல்ல. மருத்துவமனை ஆய்வுக்கூடம் ஒன்றில் ஹார்மோன் சோதனைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அந்த வேலை தொற்றவைத்த ஆர்வத்தால் இந்தத் துறையின் ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். உங்களுக்கு உடனடியாக வேண்டிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பாவாடை காரணம் அல்ல. மாத்திரைதான் காரணம் என்று நிறுவிய ஆய்வு எதுவும் இல்லை. ஸ்கேன் எடுத்தால் உங்கள் கணவர் தேடும் விடை அதில் இருக்காது. பிறந்தபோது குறித்த பாலிலிருந்து வேறாகத் தங்களை உணரும் திருநரின் அடையாளத்தில் உடலியலுக்குப் பங்கு உண்டு என்பதற்குச் சான்றுகள் பல திசைகளிலிருந்து வந்திருக்கின்றன. ஆனால் "இதுதான் காரணம்" என்று விரல் வைத்துக் காட்ட இதுவரை யாராலும் முடியவில்லை. இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

அந்தப் படத்திலிருந்தே தொடங்கலாம். ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, மை தீட்டி, ராக்கொடி வைத்துப் படமெடுக்காத தமிழ்க் குடும்பம் அரிது. சிராங்கூன் சாலையில் இருந்த பழைய ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளையில் எடுத்த அத்தகைய படங்கள் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றன. அந்தக் குழந்தைகள் எல்லாரும் மீசை வைத்துத் தாத்தாக்கள் ஆகிவிட்டார்கள். ஒரு நாள் பாவாடைக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் நம் இனத்தில் ஆண்களே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இது வெறும் கிண்டல் அல்ல. உங்கள் மாமியார் சொல்லும் அதே வாதத்தைப் பல்கலைக்கழகப் பதவியில் இருந்துகொண்டு சொன்னவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த உளவியலாளர் ஜான் மணி. ஒரு குழந்தை தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உணர்வது வளர்ப்பினால்தான், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எப்படி வளைத்தாலும் வளையும் என்பது அவர் கொள்கை. கனடாவின் வினிப்பெக் நகரில் 1965இல் பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு, நுனித்தோல் நீக்கும் சிகிச்சையில் நேர்ந்த விபத்தால் ஆணுறுப்பு அழிந்துபோனது. மணியின் ஆலோசனைப்படி பெற்றோர் அக்குழந்தையைப் பெண்ணாக வளர்த்தார்கள். பெயர் மாற்றினார்கள், கவுன் அணிவித்தார்கள், பிறகு பெண் ஹார்மோனும் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் இது வெற்றிக் கதையாகப் பாடநூல்களில் இடம்பெற்றது. உண்மையில் அந்தக் குழந்தை தொடக்கம் முதலே அந்த வாழ்க்கையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தது. பதினான்கு வயதளவில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கியது. 1997இல் மில்டன் டயமண்ட், கீத் சிக்மண்ட்சன் ஆகிய இருவரும் இதை வெளியிட்டபோது மணியின் கொள்கை ஆட்டம் கண்டது.

ஒரு பிள்ளையின் கதையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பீர்கள். சரிதான். 2004இல் வில்லியம் ரைனர், ஜான் கியர்ஹார்ட் இருவரும் பிறவிக் குறைபாடு ஒன்றினால் ஆணுறுப்பு உருவாகாமல் பிறந்த 16 ஆண் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 14 பேரைப் பிறந்த சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை செய்து, சட்டப்படியும் பெண்ணாக்கி வளர்த்திருந்தார்கள். அந்தப் பதினால்வரில் எட்டுப் பேர் வளர்ந்த பிறகு தாங்களாகவே "நான் ஆண்" என்று அறிவித்துவிட்டார்கள். டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமப்புறத்தில் இன்னொரு வகை. ஒரு நொதிக் குறைபாட்டினால் பிறக்கும்போது பெண்ணைப் போலத் தோன்றி, பூப்பு வயதில் ஆணுடல் பெறும் பிள்ளைகள் அங்கே உண்டு. ஜூலியான் இம்பரேட்டோ-மெக்கின்லி 1979இல் எழுதிய ஆய்வில், பெண்ணாக வளர்க்கப்பட்ட அத்தகைய 18 பேரில் 17 பேர் பிற்பாடு தங்களை ஆணாகவே உணர்ந்தார்கள்.

எதிர்ச்சான்றையும் மறைக்கக் கூடாது. கனடாவிலேயே இதே போன்ற விபத்துக்கு ஆளாகி, ஏழு மாதத்திலிருந்து பெண்ணாக வளர்க்கப்பட்ட இன்னொரு குழந்தை, இருபதுகளின் நடுவிலும் தன்னைப் பெண்ணாகவே உணர்ந்தது என்று 1998இல் பதிவாகியிருக்கிறது. ஆகவே வளர்ப்புக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அறுவை சிகிச்சை, பெயர், பள்ளி, சட்டம், ஹார்மோன் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஆண்டுக்கணக்கில் முயன்றும் பல பிள்ளைகளிடம் மாற்ற முடியாததை, ஒரு ஸ்டூடியோப் படம் மாற்றியிருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. மேற்சொன்ன யாரும் திருநர் அல்ல என்பதையும் கவனியுங்கள். பிறர் சொல்லிக்கொடுத்தாலும் மாறாத ஓர் உள்ளுணர்வு இருக்கிறது என்பதற்கு என் பார்வையில் வலுவான சான்று, திருநரின் மூளையிலிருந்து கிடைத்ததைவிட இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்துதான் கிடைத்தது.

அந்த உள்ளுணர்வு எங்கிருந்து வருகிறது? ஆய்வாளர்கள் அதிகம் நம்பும் பதில், கருப்பையில் சுரக்கும் ஹார்மோன்கள். இதன் தொடக்கம் 1959. கருவுற்ற கினிப்பன்றிகளுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் செலுத்தியபோது, பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபின் ஆணைப் போல நடந்துகொண்டன என்று சார்லஸ் ஃபீனிக்ஸும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். மனிதக் கருவில் பாலுறுப்புகள் முதல் மூன்று மாதங்களில் உருவாகின்றன. மூளையில் பால் வேறுபாடு ஏற்படுவது பெரும்பாலும் கர்ப்பத்தின் பிற்பாதியில். இரண்டும் வெவ்வேறு காலத்தில் நடப்பதால் ஒன்று ஒரு திசையிலும் மற்றது வேறு திசையிலும் போகக்கூடும் என்பது நெதர்லாந்து மூளை ஆய்வாளர் டிக் ஸ்வாப் முன்வைத்த விளக்கம். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் உயிரோடு வளரும் மனிதக் கருவின் மூளையில் ஹார்மோனை அளந்து, அந்தக் குழந்தை இருபது வயதில் என்ன சொல்கிறது என்று பார்க்க வழியில்லை. அதனால் இயற்கையே செய்துவைத்த சோதனைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி குறைவதால், பெண் கரு கருப்பையிலேயே வழக்கத்துக்கு மிஞ்சிய ஆண் ஹார்மோனில் வளரும் பிறவி நோய் ஒன்று உண்டு. ஹார்மோன்தான் எல்லாம் என்றால் இந்தப் பெண்கள் பெரும்பாலும் தங்களை ஆண்களாக உணர வேண்டும். 2005இல் டெசன்ஸும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை பதிவான 250 பேரைத் தொகுத்துப் பார்த்தார்கள். 94.8 விழுக்காட்டினர் பெண்ணாகவே உணர்ந்தார்கள். 13 பேருக்கு, அதாவது 5.2 விழுக்காட்டினருக்கு, தங்கள் பால் அடையாளத்தில் கடும் குழப்பம் இருந்தது. பொது மக்களோடு ஒப்பிட்டால் 5 விழுக்காடு மிக அதிகம். ஆகவே ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. ஆனால் இருபது பேரில் பத்தொன்பது பேர் மாறவில்லை. ஆகவே அது மட்டுமே போதாது. இந்த ஒரு தொகுப்பு இரு தரப்பின் வாயையும் ஒருசேர அடைக்கிறது என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். கரு தங்க இப்போது கொடுப்பது புரோஜெஸ்டிரோன் வகை மருந்து. புரோஜெஸ்டிரோன் என்பது உங்கள் உடலில் அந்நேரம் ஏற்கெனவே பெருகிக்கொண்டிருந்த பொருள். கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் நஞ்சுக்கொடி மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் சுரக்கிறது. 1950களிலும் 60களிலும் பயன்படுத்திய சில செயற்கை மருந்துகளுக்கு ஆண் ஹார்மோன் குணமும் இருந்ததால், சில பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பில் ஆண் சாயல் தோன்றியது உண்மை. ஆனால் அது நேர் எதிர்த் திசை. உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. நீங்கள் அன்று அந்த மாத்திரையை விழுங்கியிராவிட்டால் ஒருவேளை பிள்ளையே தங்கியிருக்காது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கிரகணத்தைப் பார்த்தது, பப்பாளி தின்றது என்று இன்னும் யாராவது கிளப்பினால், அவற்றுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என் வேலையிலிருந்து ஒன்று சொல்ல முடியும். பெயர் ஒட்டிய சோதனைக் குழாய்களில் வரும் இரத்த மாதிரிகளில், சிகிச்சை தொடங்காத திருநங்கையின் டெஸ்டோஸ்டிரோன் அளவு மற்ற ஆண்களுக்குரிய எல்லைக்குள்ளேயே இருக்கும். ஊசி போட்டு ஆண் ஹார்மோனை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். குறைவே இல்லாத இடத்தில் எதை ஏற்றுவது?

இனி உங்கள் கணவரின் எம்ஆர்ஐ. அவர் இந்த எண்ணத்துக்கு எப்படி வந்தார் என்று ஊகிக்க முடிகிறது. "திருநங்கையின் மூளை பெண் மூளை" என்ற வாக்கியம் முப்பது ஆண்டுகளாக உலவுகிறது. அதன் வேர் 1995இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வு. சோவ், ஹாஃப்மன், ஹோரன், ஸ்வாப் ஆகியோர் இறந்தவர்களின் மூளைகளை வெட்டிச் சாயமேற்றி, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸை ஒட்டிய மிகச் சிறிய நரம்பணுக் கூட்டம் ஒன்றை நுண்ணோக்கியில் அளந்தார்கள். ஆண்களில் அதன் சராசரிக் கனஅளவு 2.49 கன மில்லிமீட்டர். பெண்களில் 1.73. திருநங்கைகளில் 1.30. ஒரு கடுகின் அளவுதான். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதற்கேற்ப, அந்த முடிவு உலகத்தையே கலக்கியது.

அவர்கள் அளந்த திருநங்கைகள் எத்தனை பேர் தெரியுமா? ஆறு. அந்த ஆறு மூளைகளைச் சேர்க்கவே பதினோரு ஆண்டுகள் ஆயின. அந்தப் பொறுமைக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் ஆறு என்பது ஆறுதான். அவர்கள் அனைவரும் வாழ்நாளில் பெண் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்கள். வேறு நோய்களுக்காக ஹார்மோன் மாறிய ஆண்களோடும் ஒப்பிட்டு, மருந்தால் வந்த சுருக்கம் அல்ல என்று காட்ட ஆய்வாளர்கள் முயன்றார்கள். ஆனாலும் ஐயம் தீரவில்லை. 2006இல் நெதர்லாந்திலேயே ஹுல்ஷோஃப் போல் குழுவினர் செய்த ஆய்வு, சில மாத ஹார்மோன் சிகிச்சையே மூளையின் மொத்த அளவை மாற்றும் என்று காட்டியது. இதைவிடப் பெரிய இடி ஸ்வாப்பின் குழுவிலிருந்தே வந்தது. அந்தக் கடுகளவுப் பகுதியில் ஆண் பெண் வேறுபாடு வயது வந்த பிறகுதான் தெளிவாகத் தோன்றுகிறது என்று 2002இல் அவர்களே வெளியிட்டார்கள். ஐந்து வயதில் "நான் பெண்" என்று சொல்லும் குழந்தைக்கு, இருபதுக்கு மேல் உருவாகும் வேறுபாடு எப்படிக் காரணமாகும்? தங்கள் கண்டுபிடிப்புக்கே குழி பறிக்கக்கூடிய முடிவை மறைக்காமல் அச்சில் ஏற்றியதால் அந்தக் குழுமீது எனக்கு மதிப்பு கூடியது.

உயிரோடு இருப்பவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகள் பிறகு வந்தன. ஹார்மோன் தொடங்காதவர்களையும் சேர்த்தார்கள் என்பது முன்னேற்றம். 2011இல் பார்சலோனாவில் ராமெட்டியும் உடன் ஆய்வாளர்களும் ஹார்மோன் தொடங்காத திருநம்பிகளின், அதாவது பெண்ணாகப் பிறந்து தங்களை ஆணாக உணர்பவர்களின், மூளைப் பகுதிகளை இணைக்கும் வெண்பொருள் நரம்பிழைகள் சில இடங்களில் ஆண்களுடையதைப் போல இருப்பதைக் கண்டார்கள். அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் சாவிக், ஆர்வர் இருவரும் பெண்களை விரும்பும் திருநங்கைகளைப் பார்த்தபோது பெண் சாயல் தென்படவில்லை. வேறு சில பகுதிகளில் ஆண், பெண் இருவரிலிருந்தும் மாறுபட்டிருந்தார்கள். யாரை விரும்புகிறார்கள் என்பதும் முடிவைக் கலைக்கிறது என்பது அப்போது புரிந்தது. 2021இல் பல நாடுகளின் தரவைத் திரட்டி 803 பேரை ஆராய்ந்த கூட்டாய்வு, திருநரின் மூளை ஆணிலிருந்து பெண்ணுக்கோ பெண்ணிலிருந்து ஆணுக்கோ வெறுமனே நகர்ந்தது அல்ல, தனக்கென ஒரு சாயல் கொண்டது என்ற முடிவுக்கு வந்தது.

உங்கள் கணவரிடம் காட்ட வேண்டிய ஆய்வு இன்னொன்று. 2022இல் ஃப்ளோரியன் குர்த்தும் உடன் ஆய்வாளர்களும் கணினிக்கு மூளைப் படங்களைப் பழக்கி, ஆண் மூளை என்றால் 1, பெண் மூளை என்றால் 0 என்ற அளவுகோல் வகுத்தார்கள். ஹார்மோன் தொடங்காத 24 திருநங்கைகளின் சராசரி 0.75. ஆண்களைவிடப் பெண்கள் பக்கம் சற்று நகர்ந்திருக்கிறார்கள் என்பது செய்தித் தலைப்பு. ஆனால் ஒவ்வொரு குழுவிலும் சராசரியைச் சுற்றிய சிதறல் 0.4 அளவுக்கு இருந்தது. அப்படியானால் 0.6 என்று வரும் ஒருவர் ஆணா, பெண்ணா, திருநங்கையா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று குழுவிலும் அந்த எண் உள்ளவர் இருப்பார். 2015இல் டாஃப்னா ஜோயல் 1,400க்கும் மேற்பட்ட மூளைகளைப் பார்த்துவிட்டு, முழுக்க ஆண் மூளை, முழுக்கப் பெண் மூளை என்பதே அரிது, பெரும்பாலானோரிடம் இரண்டும் கலந்தே இருக்கின்றன என்று எழுதினார். அதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை; விவாதம் நடக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையின் ஸ்கேனை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உங்கள் கணவரின் மூளையையே எடுத்துப் பார்த்தால் எந்த எண் வரும் என்று யார் கண்டது? 0.6 வந்தால் அவர் என்ன ஒப்புக்கொள்வார்?

நம்மவர் ஒருவரின் கருத்தையும் சொல்ல வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், வெட்டுண்ட கை இன்னும் இருப்பதாக உணரும் நோயாளிகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர். மூளையில் உடலின் வரைபடம் பிறவியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது, திருநரிடம் அந்த வரைபடமும் உடலும் பொருந்தாமல் போயிருக்கலாம் என்று 2008இல் பால் மெக்கியோக் என்பவரோடு சேர்ந்து எழுதினார். புற்றுநோயால் ஆணுறுப்பு இழந்த ஆண்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் அது இன்னும் இருப்பதாக உணர்கிறார்கள். அறுவை செய்துகொண்ட திருநங்கைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே அப்படி உணர்கிறார்கள். வியப்பு என்னவென்றால், பிறவியில் அந்த உறுப்பே இல்லாத திருநம்பிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அது இருப்பதாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். யோசனை அபாரமானது. சான்று மெலிந்தது, சிலரிடம் கேட்டுப் பெற்ற பதில்கள்தாம். இதை உறுதிசெய்ய இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆனால் "மனத்தில் ஏதோ கோளாறு" என்பதற்கும் "உடல் வரைபடம் பொருந்தவில்லை" என்பதற்கும் உள்ள தொலைவைப் பாருங்கள்.

மரபணுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் உறுதியாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆண் ஹார்மோனை உள்வாங்கும் ஏற்பியின் மரபணுவில் ஒரு பகுதி திருநங்கைகளுக்குச் சற்று நீளமாக இருப்பதாக 2009இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று கண்டது. அதே ஆண்டு ஜப்பானியர் பார்த்தபோது அப்படி எதுவும் இல்லை. இந்தத் துறை முழுவதும் இப்படித்தான். "திருநர் மரபணு" என்று ஒன்று கிடையாது. இரட்டையர் ஆய்வுகள் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகின்றன. 2012இல் ஹெய்லென்ஸ் குழுவினர் தொகுத்ததில், ஒரே கருவிலிருந்து பிரிந்த 23 இரட்டையரில் 9 சோடிகளில் இருவருமே திருநர். தனித்தனிக் கருவான 21 ஒரே பால் இரட்டையரில் ஒரு சோடிகூட இல்லை. மரபு பேசுகிறது என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஒரே மரபணுக்கள் கொண்ட மீதிப் 14 சோடிகளில் ஒருவர் மட்டும் திருநர், மற்றவர் அல்லவே? போதாக்குறைக்கு, 2022இல் ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளைப் பார்த்தபோது ஒரே பால் இரட்டையரில் இருவருமே திருநராக இருந்த சோடி ஒன்றுகூட அகப்படவில்லை. மரபணு, ஹார்மோன், இன்னும் பெயரிடப்படாத வேறு சில சேர்ந்து ஒருவரிடம் ஒரு வகையாகவும் இன்னொருவரிடம் வேறு வகையாகவும் வேலை செய்கின்றன என்பதுதான் என் கணிப்பு. எல்லாருக்கும் பொதுவான ஒரே காரணம் என்றைக்காவது கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

இணையத்தைப் பார்த்துக் கெட்டது என்ற பேச்சுக்குச் சிங்கப்பூரே பதில் வைத்திருக்கிறது. 1971 ஜூலை 30 அன்று கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் இங்கே முதல் பால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தேக்காவுக்கு அடுத்தாற்போல், இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கும் இடத்தில் இருந்த பழைய கட்டடம். தலைமையேற்றவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம், 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கிய குழுவின் தலைவரும் அவரே. அறுவை செய்துகொண்டோர் அடையாள அட்டையில் பாலை மாற்ற 1973 முதல் வழி பிறந்தது. மணம் செய்துகொள்ளச் சட்டம் 1996இல் இடம் தந்தது.

மனநல மருத்துவர் சோய் விங் ஃபூ, இங்கே சிகிச்சை தேடி வந்த 458 பேரைக் கணக்கில் எடுத்து 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆணாகப் பிறந்தவர்களில் 2,900 பேருக்கு ஒருவர், பெண்ணாகப் பிறந்தவர்களில் 8,300 பேருக்கு ஒருவர் என்பது அவர் கணக்கு. சில ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தில் எடுத்த கணக்கு 11,900க்கு ஒருவர், 30,400க்கு ஒருவர். நம்முடையது ஏறத்தாழ நான்கு மடங்கு! அப்போது இணையம் எங்கே இருந்தது? நீங்கள் குடியிருக்கும் செங்காங் நகரமே இன்னும் எழும்பவில்லை. சிங்கப்பூர்க்காரர்களின் மூளையோ மரபணுவோ டச்சுக்காரர்களுடையதிலிருந்து நான்கு மடங்கு வேறுபட்டிருக்க முடியாது. இங்கே அறுவை சிகிச்சை கிடைத்தது, செய்யும் கைகள் இருந்தன, சட்டம் ஓரளவு வழிவிட்டது, அதனால் வந்து பெயர் கொடுத்தார்கள் என்பதுதான் பொருத்தமான விளக்கம். இன்று எண்ணிக்கை கூடுவதை வைத்து உடலியலே இல்லை என்று வாதிடுவோர் இந்தப் பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஒன்று, வீட்டுக்குள் சொல்லாமல் வாழ்ந்தவர்களின் எண்ணிக்கை வேறு. அதே நேரம், அண்மை ஆண்டுகளில் பதின்ம வயதினர் அதிகமாக வருவதற்கு இந்த விளக்கம் மட்டும் போதுமா என்ற கேள்வி நியாயமானதே.

பிள்ளைக்குச் சிகிச்சை வேண்டுமா, எப்போது என்பது இதிலிருந்து தனியான கேள்வி. பதின்ம வயதினருக்குப் பூப்பைத் தள்ளிப்போடும் மருந்துகள் தருவதற்கான சான்று மெலிந்தது என்று 2024இல் பிரிட்டனில் ஹிலரி காஸ் அறிக்கை சொன்னது. பல மருத்துவ அமைப்புகள் அதை மறுத்தன. அதற்குள் நான் போகப் போவதில்லை. காரணம் கருப்பையில் இருந்தாலும் வேறெங்கு இருந்தாலும் மருந்தின் நன்மை தீமை அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

அடுத்த படி என்ன என்று கேட்டீர்கள். பலதுறை மருந்தகத்தில் சொல்லி, பதின்ம வயதினரைப் பார்க்கும் மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மனநலம் என்றதும் கணவர் "பைத்தியமா?" என்று துள்ளினால், உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இதை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். மருத்துவர் செய்யப்போவது பெரும்பாலும் பேச்சுதான். எப்போதிலிருந்து இந்த உணர்வு, பள்ளியில் எப்படி, தூக்கம், படிப்பு, மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்பார். முதலில் பிள்ளையைத் தனியாகவும் பிறகு உங்களையும் பார்ப்பார். குரோமோசோம் சோதனை கேட்பதென்றால், பூப்பு தாமதம் போன்ற உடல் அறிகுறி ஏதாவது இருக்க வேண்டும். மூளை ஸ்கேன் கேட்க மாட்டார். தீராத தலைவலி, வலிப்பு என்று வேறு காரணம் இருந்தால் அது தனிக் கதை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். குடும்பம் ஒதுக்காத பிள்ளைகளிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவு என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருப்பதால், மருத்துவர் உங்கள் கணவரையும் வரச் சொல்லக்கூடும். முதல் சந்திப்புக்கே கூட்டிப்போங்கள். மாமியாரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இளையவனைப் பற்றி: ஸ்பெயினில் கோமெஸ்-கில் குழுவினர் 995 திருநரின் உடன்பிறந்தாரைக் கணக்கெடுத்து 2010இல் வெளியிட்டார்கள். இருவருமே திருநராக இருந்த உடன்பிறப்புச் சோடிகள் 12. திருநர் ஒருவரின் உடன்பிறந்தார் 211 பேரை எடுத்தால் அவர்களில் ஒருவர் திருநராக இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பொது மக்களைவிட இது அதிகம், ஆனாலும் அரை விழுக்காட்டைத் தொடவில்லை. இளையவன் மூத்த பிள்ளையின் பொம்மையை எடுத்து விளையாடினாலும் அம்மாவின் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாலும் உற்றுப் பார்க்காதீர்கள். அவனுக்கு வயது எட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உற்றுப் பார்ப்பது அவனுக்குத் தெரியும்.